இரவல் நாணயம்

தமிழில் நாணயம் என்னும் சொல் இருபொருள் உடையது. கையில் புழங்கும் காசும் நாணயம்; சொன்ன சொல்லைக் காக்கும் நேர்மையும் நாணயம். கடைத்தெருவில் ஒருவரைச் சுட்டி, "அவர் நாணயமானவர்" என்று கூறினால், அவருடைய பெட்டியில் எவ்வளவு காசு இருக்கிறது என்பது அங்குப் பேச்சன்று. அவரை நம்பிக் கைமாற்றுக் கொடுக்கலாம் என்பதே பேச்சு.

இவ்விரு பொருளும் ஒன்றையொன்று தழுவிச் செல்லும்வரை சிக்கல் எழுவதில்லை. ஒருவன் தன் ஊர்க் காசைக் கடனாகப் பெறுகிறான்; தன் ஊர்க் காசாகவே திருப்பிக் கொடுக்கிறான். கொடுத்தவனும் வாங்கியவனும் ஒரே சந்தையில் அரிசி வாங்குகிறவர்கள். ஆதலின் காசு தேய்ந்தாலும் வளர்ந்தாலும் அஃது இருவர் வீட்டு அடுப்பிலும் ஒருங்கே தெரியும். ஆனால் வாங்குகிறவன் வேற்று நாட்டினனாய், கொடுக்கிறவனுடைய நாட்டுக் காசிலேயே வாக்கு அளிப்பானாயின் நிலைமை வேறு. அந்தக் காசின் மதிப்பு இடையில் மாறிவிட்டால் அவன் எதைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவன்? எழுதிக் கொடுத்த எண்ணிக்கையையா, அன்று பெற்றுக்கொண்ட மதிப்பையா? வாக்கு அளித்தவன் ஓர் ஆட்சியாளனாகவும், அடைக்க வேண்டியவர்கள் பின்னால் பிறக்கப்போகும் குடிமக்களாகவும் இருந்துவிட்டால், அந்த வாக்கு யாருடைய வாக்கு?

இவை ஏட்டில் மட்டும் எழும் வினாக்கள் அல்ல. ஒரு நாட்டு அரசோ நிறுவனமோ மற்றொரு நாட்டின் சந்தைக்குள் சென்று, அந்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு, அந்நாட்டு நாணயத்திலேயே கடன் பத்திரம் விற்கும் வழக்கம் நூறாண்டுக்கும் மேலான பழைமை உடையது. அப்பத்திரங்களுக்குச் சந்தைக்காரர்கள் செல்லப் பெயர்களும் சூட்டியிருக்கின்றனர். நியூயார்க்கில் அயலார் விற்பது ‘யாங்கி’, லண்டனில் ‘புல்டாக்’, டோக்கியோவில் ‘சாமுராய்’, ஆஸ்திரேலியாவில் ‘கங்காரு’, சீனத்தில் ‘பாண்டா’. முதல் சாமுராய்ப் பத்திரத்தை 1970ஆம் ஆண்டில் ஆசிய வளர்ச்சி வங்கி 600 கோடி யென்னுக்கு வெளியிட்டது. மலேசியச் சந்தையிலும் 2004ஆம் ஆண்டில் அதே வங்கி 40 கோடி ரிங்கிட்டுக்கும், அனைத்துலக நிதிக் கழகம் 50 கோடி ரிங்கிட்டுக்கும் பத்திரங்கள் விற்றன.

இந்தப் பெயர்களைச் சற்றே ஊன்றி நோக்குதல் தகும். விருந்தாளிக்கு வீட்டுக்காரர் தம் சட்டையை அணிவித்து, பக்கத்து வீட்டாரிடம், "இவரும் நம்மவரே" என்று அறிமுகம் செய்வதைப் போன்றது இது. சாமுராய் என்பது வாள் ஏந்திய வீரனின் பெயர். தலைவனுக்கு அளித்த வாக்குக்காக உயிரைத் துறப்பவன் என்று கதைகள் புகழும் மரபினன். அந்தப் பெயரைத் தாங்கிய பத்திரத்தைக் கையில் வாங்கும் டோக்கியோ முதியவர் தம் நாட்டு யென்னைக் காண்கிறார். தம் நாட்டு எழுத்தைக் காண்கிறார். கடன் வாங்குகிறவன் கடலுக்கு அப்பால் இருக்கிறான் என்பது மட்டும் அவர் கண்ணில் சற்று மங்கலாகவே தெரிகிறது. நாணயமாற்று என்னும் ஓர் அச்சத்தை அகற்றிவிட்ட பத்திரம், வாங்குகிறவன் எத்தகையவன் என்னும் மற்றோர் அச்சத்தையும் அகற்றிவிட்டதைப் போன்ற தோற்றத்தைத் தருகிறது. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதற்குப் பெருஞ்சான்று பிரான்சு நாட்டில் உண்டு. 1888ஆம் ஆண்டு ரஷியப் பேரரசு பாரிசில் 50 கோடி பிராங்குக்கு, நூற்றுக்கு நான்கு வட்டியில், முதற்கடனைத் திரட்டியது. அதன்பின் கடன்மேல் கடனாக வெளிவந்தது. பிரெஞ்சு நாட்டு உழவர்களும், கடைக்காரர்களும், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்களும், கைம்பெண்களும் தம் சேமிப்பைப் பிராங்கு நாணயத்திலேயே ரஷியப் பத்திரங்களாக மாற்றி அலமாரியில் வைத்தனர். அவ்வாறு வைத்திருந்தோர் சற்றொப்பப் பதினைந்து இலட்சம் பேர் என்பர். சைபீரியாவில் தண்டவாளம் நீண்டது. பத்திரத்தின் ஓரத்திலிருந்த வட்டிச் சீட்டைக் கத்தரித்துக் கொடுத்துக் காசு வாங்குவது பிரெஞ்சுக் குடும்பங்களின் வழக்கமாயிற்று.

இந்த நம்பிக்கை தானாக விளைந்ததன்று. ரஷிய நிதியமைச்சின் முகவராகப் பாரிசில் இருந்த ஆர்தர் ரஃபலோவிச், பிரெஞ்சுச் செய்தித்தாள்களுக்குப் பணம் பகிர்ந்து கொடுத்து, ரஷிய நிதிநிலையைப் புகழ்ந்து எழுதச் செய்தார். அவர் அனுப்பிய கடிதங்களைப் புரட்சிக்குப்பின் வந்த ஆட்சி வெளியிட்டபோது அந்த இழிவு அம்பலமாயிற்று. விலைக்கு வாங்கப்பட்ட சொல்லை நம்பித் தம் காசைக் கொடுத்தவர்களை ஏமாளிகள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் படித்ததை நம்புவது குற்றம் எனின், எழுத்தறிவித்த ஆசிரியனும் அக்குற்றத்தில் பங்காளி ஆகிறான்.

1905ஆம் ஆண்டு டிசம்பரில், பீட்டர்ஸ்பர்க் நகரத் தொழிலாளர் பேரவை ஓர் அறிக்கை வெளியிட்டது. மக்களோடு வெளிப்படையாகப் போர் புரிந்துகொண்டே ஜார் அரசு வாங்கிய கடன்களைத் திருப்பிச் செலுத்த இடந்தர மாட்டோம் என்பது அதன் சாரம். ‘தாய்’ நாவலை எழுதிய மாக்சிம் கார்க்கியும், தம் நாட்டு மக்களை ஒடுக்குவதற்குப் பிரான்சு பணம் கொடுக்கிறதே என்று 1906ஆம் ஆண்டில் சினந்து எழுதினார். எனினும் அவ்வாண்டு ஏப்ரலில் 225 கோடி பிராங்குக் கடன் திரட்டப்பட்டது. அதில் 120 கோடி பிரான்சின் பங்கு. அடுத்த மாதம் கூடவிருந்த மக்கள் மன்றமாகிய தூமாவின் கையை எதிர்பாராமலே ஜார் மன்னன் ஆட்சி நடத்த அப்பணம் உதவியது. 1918 பிப்ரவரியில் சோவியத் அரசு ஓர் ஆணையால் ஜார் காலத்து வெளிநாட்டுக் கடன்கள் அனைத்தையும் செல்லாதவை என்று அறிவித்தது.

இங்கே நீதி யார் பக்கம்? சோவியத்தின் வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. சவுக்கை வாங்குவதற்காகப் பெற்ற கடனை, அச்சவுக்கால் அடிபட்டவனே அடைக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? முன்னரே எச்சரித்தும் இருந்தனர். ஆயினும் தண்டவாளங்கள் சவுக்குகள் அல்ல. சைபீரிய இருப்புப்பாதையில் புரட்சி அரசின் வண்டிகளும் ஓடின. பொருளை வைத்துக்கொண்டு கடனை மட்டும் மறுப்பதை அறம் என்று கூற நா எழாது. கடன் எதற்காக வாங்கப்பட்டது என்பதைப் பிரித்துப் பார்த்து, இதற்குக் கடமை உண்டு, அதற்குக் கடமை இல்லை என்று வகுத்திருப்பின் உலகம் அதனைச் செவிமடுத்திருக்கும். ஆணை அவ்வாறு வகுக்கவில்லை. சிறு அளவில் பத்திரம் வைத்திருந்த ரஷிய ஏழைகளுக்கு மட்டும் சிறிது இரக்கம் காட்டியது. பிரெஞ்சுக் கைம்பெண்ணை அது கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. அவள் அயலாள் என்பது ஒன்றே காரணம்.

எண்ணிக்கையா மதிப்பா என்னும் வினாவுக்கு வருவோர், ரஷியாவை விட்டுச் செர்பியாவுக்குச் செல்ல வேண்டும். 1895 முதல் 1913 வரை செர்பியாவும் பாரிசில் கடன் பத்திரங்கள் விற்றது. அந்நாளில் பிராங்கு என்பது தங்கம். 1914இல் போர் மூண்டது. பிராங்குத் தாளுக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. போர் முடிந்தபின் பிராங்கு சரிந்துகொண்டே போய், 1928ஆம் ஆண்டுச் சட்டப்படி பழைய மதிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக நிலைகொண்டது. செர்பியரின் புதிய அரசு, பத்திரத்தில் நூறு பிராங்கு என்றிருந்தால் நூறு தாள் பிராங்குகளைக் கொடுத்தது. "நாங்கள் கொடுத்தது தங்கம், திரும்புவது தாளா?" என்று பிரெஞ்சுப் பத்திரக்காரர்கள் வெகுண்டனர். வழக்கு ஹேக் நகரின் நிலையான அனைத்துலக நீதிமன்றத்தை அடைந்தது. பிரேசில் நாட்டின் கடன் பற்றிய வழக்கும் உடன் வந்தது. 1929 சூலை 12ஆம் நாள் இரண்டிலும் ஒரே தீர்ப்பு: பொன் பிராங்கிலேயே செலுத்துக.

தீர்ப்புக்கு அடிப்படை, பத்திரங்களிலும் வெளியீட்டு ஆவணங்களிலும் காணப்பட்ட ‘பொன்’ என்னும் சொல். சட்டத்தின் கண்ணில் அது போதும். அறத்தின் கண்ணுக்கோ வேறு சிலவும் தெரிகின்றன. பிராங்கைத் தேய்த்தது செர்பியா அன்று; பிரான்சு. அந்தத் தேய்வுக்குக் காரணமாயிருந்த பெரும்போரில் பிரான்சின் தோழனாய் நின்று, தன் மக்களில் மிகப் பலரைப் பறிகொடுத்த நாடு செர்பியா. தன் சொந்தக் குடிமக்களிடம் தாள் பிராங்கைத் தங்கமாக எண்ணி ஏற்றுக்கொள்ளுமாறு கட்டளையிட்ட பிரான்சு, தோழனிடம் மட்டும் தங்கம் கேட்டது. போரின் துன்பம் கடனைக் கரைத்துவிடாது என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் அத்துன்பம் இரு தரப்பும் பின்னர் அமர்ந்து பேசும்போது கருத்தில் கொள்ளத்தக்கது என்றும் உடன் உரைத்தது. நீதிபதிகளே தம் தராசில் அடங்காத எடை ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொண்ட அருமையான இடம் இது.

மலாயாத் தமிழர் இவ்வினாவை ஹேக் நகரம் வரை சென்று கற்க வேண்டியதில்லை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் புழங்கிய வாழைமர நோட்டு, நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. போருக்கு முன் செட்டியார்களின் கிட்டங்கிகளில் நல்ல வெள்ளியைக் கடனாகப் பெற்றவர்களுள் பலர், இந்த நோட்டைக் கட்டுக்கட்டாகக் கொணர்ந்து கடனைத் தீர்த்துக்கொண்டனர். அதிகாரம் செல்லும் என்று சொன்ன காசை வாங்க மறுக்கும் துணிவு எவருக்கு உண்டு? அடமானப் பத்திரம் கடனாளியின் கைக்குத் திரும்பியது. பெட்டியில் வாழைமரம் தங்கியது. பிரிட்டிஷார் திரும்பி வந்து அந்நோட்டுகள் செல்லா என்றதும், எழுந்த வழக்குகளுக்கு முடிவுகட்ட 1948ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. எந்தக் காலத்தில் கொடுத்த வாழைமர வெள்ளி எத்தனை நல்ல வெள்ளிக்கு ஈடு என்று அதில் ஓர் அட்டவணையே இணைக்கப்பட்டது. எண்ணிக்கை ஒன்றே கடமை என்பது முற்றிலும் சரியாயின் அந்த அட்டவணைக்கு வேலையே இல்லை. மதிப்பு ஒன்றே கடமை என்பது முற்றிலும் சரியாயின், அக்காலத்துக் கொடுக்கல் வாங்கல் ஒவ்வொன்றையும் மீண்டும் பிரித்திருக்க வேண்டும். சட்டம் இரண்டுக்கும் இடையே ஒரு நடைபாதையைத் தேடியது. அப்பாதையில் நடந்தவர்கள் எல்லாரும் நிறைவோடு வீடு திரும்பினர் என்று கூறுவதற்கில்லை.

தேய்ந்த காசைப் பற்றியே இதுவரை பேச்சு. வளர்ந்த காசும் உண்டு. கிழக்கை நோக்கும் கொள்கையை மலேசியா 1982ஆம் ஆண்டு அறிவித்த பின்னர் ஜப்பானோடு தொடர்பு நெருங்கியது. யென் கடனும் வளர்ந்தது. 1985 செப்டம்பர் 22ஆம் நாள் அமெரிக்கா, ஜப்பான், மேற்கு ஜெர்மனி, பிரான்சு, பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளின் நிதிப் பொறுப்பாளர்கள் நியூயார்க் நகரின் பிளாசா விடுதியில் கூடி, டாலரின் மதிப்பைத் தணிப்பது என்று உடன்பட்டனர். அதற்குச் சற்று முன்வரை ஒரு டாலருக்கு ஏறத்தாழ 240 யென். 1987 முடிவில் 125 யென்னுக்கும் கீழே. மலேசியக் கணக்கில் நோக்கின், ஒரு ரிங்கிட்டை ஒட்டியிருந்த நூறு யென் இரண்டு ரிங்கிட் ஆயிற்று. புதிதாக ஒரு காசும் வாங்காமலே, பழைய யென் கடனின் சுமை இரட்டித்தது. ரப்பரும் ஈயமும் விலை வீழ்ந்து, தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் வேலை சுருங்கியிருந்த காலம் அது.

அன்று கடன்பட்ட நாடுகளில் எழுந்த குரல், ‘இஃது அநீதி’ என்பதே. அக்குரலில் உண்மை உண்டு. முழம்போட்டு விற்பதாகப் பேசிய பின், முழக்கோலை வைத்திருப்பவனே அதனை நீட்டிவிட்டால் வாங்கியவன் என் செய்வான்? பிளாசா விடுதியின் மேசையில் கடன்பட்ட நாடுகளுக்கு நாற்காலி இல்லை. ஆனால் கோலை நீட்டிய கை வேறு. கடன் கொடுத்த கை வேறு. ஒசாகாவில் தன் ஓய்வூதியத்தைச் சேமிப்பில் இட்ட தொழிலாளியிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. யென் உயர்ந்ததால் ஏற்றுமதி இடர்ப்பட்டு, அவனுடைய மகன் வேலையை இழந்திருக்கவும் கூடும். அரசின் செயலுக்காகக் குடிமகனின் சேமிப்பைக் குறைத்துக் கொடுப்பது, ஜார் மன்னனின் செயலுக்காகக் குடிமகனை அடைக்கச் சொல்வதன் மறுபக்கமே அல்லவா?

வாதத்தின் நேர்மையைச் சோதிக்கக் காலமே ஒரு தேர்வை வைத்தது. 2019 மார்ச்சில் மலேசியா மீண்டும் டோக்கியோ சென்று, 20,000 கோடி யென் மதிப்புள்ள பத்தாண்டுச் சாமுராய்ப் பத்திரத்தை 0.53 விழுக்காட்டு வட்டியில் விற்றது. அனைத்துலக ஒத்துழைப்புக்கான ஜப்பான் வங்கி அதற்குப் பிணை நின்றது. அப்போது நூறு யென் மூன்றரை ரிங்கிட்டுக்கும் மேல். 2024ஆம் ஆண்டின் நடுவில் மூன்று ரிங்கிட்டுக்கும் கீழ். கடன் யென்னாகவே வைக்கப்பட்டிருக்குமாயின், இம்முறை சுமை குறைந்திருக்கிறது. 1987இல் ‘மதிப்பைப் பாருங்கள், எண்ணிக்கையைப் பாராதீர்கள்’ என்று முறையிட்டவர், இப்போதும் அதே கொள்கையில் நின்று, குறைந்த மதிப்பை ஈடுசெய்து கூடுதல் யென் கொடுக்க முன்வருவாரா? வரமாட்டார். ‘பத்திரத்தில் உள்ளது இவ்வளவுதான்’ என்பார். இழப்பு வரும்போது அறநூலையும் ஆதாயம் வரும்போது பத்திரத்தையும் விரிப்பவன், அறத்தையும் நம்பவில்லை, பத்திரத்தையும் மதிக்கவில்லை. ஆதலின் எண்ணிக்கையையே கடமையாகக் கொள்ளுதல் கடுமையாகத் தோன்றினும், இரு காலத்துக்கும் பொருந்துவது அதுவே. அதற்கு விலக்கு வேண்டுமெனில், செர்பியப் பத்திரத்தில் ‘பொன்’ என்று எழுதியதைப் போல முதல் நாளிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

தன் காசிலேயே வாக்களித்தால் இத்தொல்லை இராதே எனின், அதற்கும் விலை உண்டு. மலேசியா யென்னில் கடன் வாங்கிய அதே 2019ஆம் ஆண்டில், கேரள அரசின் உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம் ‘மசாலா’ப் பத்திரம் என்று வழங்கும் ரூபாய்ப் பத்திரத்தை வெளிநாட்டாருக்கு விற்று 2,150 கோடி ரூபாய் திரட்டியது. வட்டி 9.723 விழுக்காடு. இரண்டுக்கும் பிணையும் தரமும் வேறு. நேருக்குநேர் ஒப்பிடல் ஆகாது. எனினும் அவ்வட்டியில் ஒரு பகுதி, முழக்கோல் கடனாளியின் நாட்டில் இருப்பதற்காகக் கடன் கொடுத்தவன் கேட்ட அச்சக் கூலி என்பது தெளிவு.

எண்ணிக்கையைக் காப்பேன் என்று உறுதிகூறி, அதனையும் காக்க இயலாமற்போனவர்களின் கதை அர்ஜெந்தீனாவுடையது. 1991 முதல் ஒரு பெசோ ஒரு டாலர் என்று சட்டத்தால் கட்டி வைத்திருந்த அந்நாடு, வட்டி ஏறக்குறைய இல்லாமற்போன ஜப்பானில் பன்மடங்கு கூடுதல் வட்டி தருவதாகச் சாமுராய்ப் பத்திரங்களை விற்றது. 2001 டிசம்பரில் கடன் செலுத்துவதை நிறுத்தியது. அடுத்த மாதம் பெசோவின் கட்டு அவிழ்ந்தது. போனஸ் அயர்ஸ் தெருக்களில் நடுத்தர வகுப்பினர் சட்டியும் தட்டும் கொட்டி வங்கிக் கதவுகளை முற்றுகையிட்டனர். 2005இலும் 2010இலும் பழைய பத்திரத்துக்கு மாற்றாக மிகக் குறைந்த மதிப்புள்ள புதியது தரப்பட்டது. ஏற்காத ஜப்பானியர் சார்பில், பத்திரத்தை நிர்வகித்த வங்கிகள் டோக்கியோவில் வழக்குத் தொடுத்தன. அவ்வங்கிகளுக்கு வழக்காடும் உரிமை உண்டா என்னும் முதற்கேள்விக்கே ஜப்பானின் உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டில்தான், ‘உண்டு’ என்று விடை கூறியது. யென், ஜப்பானியச் சட்டம், ஜப்பானிய நீதிமன்றம் ஆகிய அனைத்தும் சொந்த ஊருடையவை. அயலது கடனாளி ஒன்றே. பதினைந்து ஆண்டுகளைக் கவர்ந்தது அந்த ஒன்று.

கூடுதல் வட்டியை விரும்பியவன் கூடுதல் இடரையும் விரும்பியவனே என்பார் உண்டு. பெருவணிகனுக்கு அது பொருந்தும். சேமிப்பு வட்டி சுழியாகிவிட்ட நாட்டில், மருந்துச் செலவுக்கு வழிதேடிய முதியவரைப் பேராசைக்காரர் என்பது பொருந்தாது. அதே வேளையில், கஞ்சித்தொட்டி முன் நின்ற அர்ஜெந்தீனக் குழந்தையின் கிண்ணத்திலிருந்து அம்முதியவரின் வட்டியை எடுக்கவும் கூடாது. இரு ஏழைகளை எதிரெதிரே நிறுத்திவிட்டு, பத்திரத்தை எழுதியவர்களும் விற்றுத் தரகு பெற்றவர்களும் முன்னமே அவ்விடம் விட்டு அகன்றுவிட்டனர் என்பதை இவ்வழக்குகளில் எவரும் போதிய அளவு பேசுவதில்லை.

ஜார் காலக் கடனுக்காக ரஷியா 1996ஆம் ஆண்டு பிரான்சுடன் உடன்பாடு செய்து 40 கோடி டாலர் கொடுக்க இசைந்தது. வாங்கியவர்கள் எழுபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் ஏமாந்தவர்கள் அல்லர், அவர்களின் பேரப்பிள்ளைகள். கொடுத்தவர்களும் ஜாரை அறியாதவர்கள். 2019 மார்ச்சில் மலேசியா விற்ற சாமுராய்ப் பத்திரம் 2029 மார்ச்சில் முதிர்கிறது. அது விற்கப்பட்ட ஆண்டில் தமிழ்ப்பள்ளியின் முதலாம் வகுப்பில் அ, ஆ எழுதக் கற்ற குழந்தைக்கு அப்போது பதினேழு வயதாகும். அந்தக் குழந்தையிடமும் எவரும் கையொப்பம் கேட்கவில்லை.